நாலு காலா, ஆறு காலா? வேடமிட்ட வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டுபிடித்த ஹென்றி பேட்ஸ்

கடந்த மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு காலை. வீட்டுக் கோடியில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தில் கொப்பு முறிக்கப் போன என் பேத்தி, இலைக்குள் பாம்புக்குட்டி இருக்கிறது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் புழு. ஈர்க்கொன்றால் அதன் முதுகை மெல்லத் தட்டினேன். தலைக்குப் பின்னாலிருந்து, இரண்டாகக் கிளைத்த சிவந்த கொம்பொன்று ஈரத்தோடு வெளியே வந்தது. கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடி. சிறிது நேரத்தில் கொம்பு உள்ளே போய்விட்டது. புழு பழையபடி இலையோடு இலையாகிவிட்டது.

அடுத்த கொப்பில் குருவி எச்சமிட்டதுபோல ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதைக் கழுவிவிட வேண்டும் என்றாள். அது எச்சம் அல்ல, அதே வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு என்று காட்டியபோது அவள் நம்பவில்லை. ஈர்க்கால் தொட்டு, அது அசைவதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். பிறகு, இந்தப் புழுவுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள்.

நான் 27 ஆண்டுகள் உயிரியல் படிப்பித்தவன். வன்னியில் நான் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவனும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறான். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவனுக்கு அன்று நான் சொன்னதும், பேத்திக்கு இன்று சொன்னதும் ஒரே மனிதரின் கதையைத்தான். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத, காலுறைக் கடையில் வேலை பழகிய, ஹென்றி வோல்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயரின் கதை அது.

காலுறைக் கடைப் பையன்

பேட்ஸ் 1825 பெப்ரவரி 8 ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். காலுறை நெசவுக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய தகப்பனாரும் அந்தத் தொழிலையே செய்தார். 12, 13 வயதோடு மகனின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பையனைக் காலுறை வியாபாரி ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 13 மணிநேர வேலை. அதற்குப் பிறகும் இரவில் தொழிலாளர் கல்வி நிலையத்துக்குப் போய் கிரேக்கமும் லத்தீனும் வரைதலும் படித்தார். விடுமுறை கிடைத்தால் சார்ன்வுட் காட்டுப் பக்கம் போய் வண்டு பிடித்தார். 1843 இல், 18 வயதில், வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு இயற்கை ஆய்வு இதழொன்றில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு அதே ஊரின் பாடசாலையொன்றுக்கு ஆசிரியராக வந்தார் அல்பிரட் ரசல் வொலஸ். பின்னாளில் டார்வினோடு சேர்த்து உலகம் பேசிய அதே வொலஸ்தான். அப்போது அவருக்குச் செடிகொடிகளில் மட்டுந்தான் ஈடுபாடு. பேட்ஸ் தன் பெட்டியைத் திறந்து காட்டியபோது, இந்தச் சிறிய ஊரைச் சுற்றி இத்தனை விதமான வண்டுகளா என்று வொலஸ் வியந்துபோனார். அந்தப் பெட்டிதான் இரண்டு பேரின் வாழ்க்கையையும் மாற்றியது.

இருவரிடமும் பணம் இல்லை. இருவருக்கும் பெரிய இடத்துப் பின்புலமும் இல்லை. ஆனால் உயிரினங்கள் எப்படித் தோன்றின, ஓர் இனம் இன்னோர் இனமாக எப்படி மாறுகிறது என்ற கேள்வி இருவரையும் பிடித்துக்கொண்டது. 1847 இல் அமேசன் ஆற்றுப் பயணம் பற்றிய நூலொன்றைப் படித்தவர்கள், அங்கேயே போவது என்று முடிவு செய்தார்கள். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனில் உள்ள முகவருக்கு அனுப்புவது, அவர் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் செல்வந்தர்களுக்கும் விற்பது, அந்தக் காசில் சீவிப்பது. இதுதான் திட்டம். 1848 ஏப்ரலில் லிவர்பூலில் கப்பலேறி, மே 28 இல் பிரேசிலின் பாரா துறைமுகத்தில் இறங்கினார்கள். பேட்ஸுக்கு வயது 23, வொலஸுக்கு 25.

போர் ஓய்ந்த நகரம்

பாரா அப்போது ஒரு போரிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த ஊர். 1835 இல் அங்கே ஏழை மக்களும் பழங்குடிகளும் அடிமைகளும் கிளர்ந்தெழுந்தார்கள். கபானகம் என்று பெயர்பெற்ற அந்தக் கிளர்ச்சி 1840 இல் முற்றாக அடக்கப்படும்வரை ஆயிரக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து வந்திறங்கிய பேட்ஸ், கூரையில்லாத வீடுகளையும், சுவருக்குள் மரம் வளர்ந்துவிட்ட கட்டடங்களையும் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆரம்பத்தில் இருவரும் ஒன்றாகவே காட்டுக்குப் போனார்கள். 1850 இல் வழி பிரிந்தது. வொலஸ் கருநதி என்று அர்த்தப்படும் ரியோ நெக்ரோவின் வழியே போனார். பேட்ஸ் பேராற்றின் மேற்பகுதியில், கடலிலிருந்து 2,000 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள எகா என்ற சிற்றூருக்குப் போனார். இன்று அதன் பெயர் தெஃபே.

அந்த முதலாவது எகா வாசம் அவரைச் சாவின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. பன்னிரண்டு மாதங்கள் ஒரு கடிதமும் வரவில்லை, காசும் வரவில்லை. உடுப்பு கந்தலாகியது. சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு காட்டுக்குள் நடந்தார். வேலைக்காரன் விட்டுவிட்டு ஓடிப்போனான். கையிலிருந்த காசில் பெரும்பகுதியும் களவு போனது. ஆனால் அவரை எல்லாவற்றிலும் அதிகமாக வாட்டியது பசியல்ல, படிக்க ஒன்றும் இல்லாததுதான். பழைய பத்திரிகையொன்றின் கட்டுரைகளைப் படித்து முடித்தபின், அதன் விளம்பரங்களை ஒரு வரி விடாமல் படித்தார். முகாம்களில் அரிசிப் பொதி சுற்றிவந்த கடதாசியை விரித்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

1851 இல் பேட்ஸ் பாராவுக்கு இறங்கி வந்தபோது அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. வொலஸின் தம்பி ஹெர்பட், ஊர் திரும்புவதற்காக அங்கே வந்து காத்திருந்தான். அவனைக் காய்ச்சல் பிடித்தது. அருகிலிருந்து பார்த்தவர் பேட்ஸ்தான். அந்த ஆனி மாதத்தில் ஹெர்பட் இறந்தான். வயது 22. அதே காய்ச்சல் பேட்ஸையும் பிடித்தது, ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார். பல நூறு மைல்களுக்கு அப்பால் இருந்த வொலஸுக்கு, தம்பி கடும் நோயில் கிடக்கிறான் என்ற செய்தி மட்டும் முதலில் போய்ச் சேர்ந்தது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே அவருக்கு மாதங்கள் கழிந்தன.

1852 இல் வொலஸ் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஓகஸ்ட் 6 ஆம் திகதி நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. தன்னோடு கொண்டுபோன சேகரிப்புகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும், தன் குறிப்புகளில் பெரும்பகுதியையும் அவர் இழந்தார். சிறு படகில் பத்து நாட்கள் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது.

பேட்ஸ் தங்கிவிட்டார். மொத்தம் 11 ஆண்டுகள்.

எகாவின் பெட்டிகள்

இரண்டாவது தடவை எகாவுக்குப் போனபோது அங்கே பல ஆண்டுகள் இருந்தார். காலையில் எழும்பிக் கோப்பி குடிப்பார். ஒன்பது, பத்து மணிக்குக் காட்டுக்குப் போய்ப் பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குத் திரும்புவார். பிறகு பிடித்தவற்றை ஊசியில் குத்தி, காயவைத்து, எங்கே எப்போது பிடித்தது என்று எழுதி வைப்பார். எகாவின் சுற்றுவட்டாரத்தில் மட்டும் 7,000 க்கும் மேற்பட்ட பூச்சியினங்களைச் சேர்த்தார். அவற்றில் 550 வண்ணத்துப்பூச்சிகள். முழுப் பிரித்தானியாவிலும் 70 இனங்கூட இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

அந்த மண்ணின் துயரம் அவரது வீட்டுக்குள்ளேயும் இருந்தது. காட்டின் உட்பகுதியில் ஒரு குலம் இன்னொரு குலத்தைத் தாக்கிப் பிள்ளைகளைப் பிடித்து, ஆற்று வியாபாரிகளிடம் விற்பது அங்கே வழக்கமாக இருந்தது. சட்டத்தில் தடை, நடைமுறையில் தாராளம். அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒரு பையனையும் ஒரு சிறுமியையும் பேட்ஸின் உதவியாளர் வாங்கி வந்தார். சிறுமி வரும்போதே காய்ச்சலோடு வந்தாள். பராமரித்துப் பார்த்தும் தப்பவில்லை. புதைக்கும்போது அவளுக்கு வேறொரு பெயர் சூட்டப்பட்டிருந்தது. பேட்ஸ் இதை மறைக்காமல் தன் நூலில் எழுதினார். ஆனாலும் அந்த ஒழுங்குக்குள்தான் அவரும் வாழ்ந்தார் என்பதை நாங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காட்டில் அவர் கண்ட ஒரு விடயம் திரும்பத் திரும்ப அவரைத் தொந்தரவு செய்தது. பூச்சிகள் தாங்கள் அல்லாத ஒன்றாகத் தோற்றமளித்தன. மரப்பட்டையாக ஒன்று, காய்ந்த இலையாக ஒன்று, குச்சியாக ஒன்று, குளவியாக ஒன்று. ஒருநாள் மரமொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இலைகளுக்குள்ளிருந்து ஒரு நச்சுப்பாம்பின் தலை அவரை நோக்கி நீண்டது. திடுக்கிட்டுப் பின்வாங்கிப் பார்த்தால், அது ஒரு பெரிய புழு. அதைக் கையிலெடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். ஊரே பயந்து விலகியது. பாம்போடு தினமும் வாழும் மக்களையே ஒரு புழு ஏமாற்றுகிறதென்றால், குருவியை ஏமாற்றாதா?

இரண்டு சிறகு, ஒரே நிறம்

அந்தக் காடுகளில் கறுப்பும் செம்மஞ்சளும் மஞ்சளும் கலந்த, நீண்ட சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிக் கூட்டமொன்று இருந்தது. அவை மெதுவாகப் பறந்தன. கூட்டமாகப் பறந்தன. ஒளிய முயலவேயில்லை. பூச்சி தின்னும் பறவைகள் நிறைந்த காட்டில் இவ்வளவு அலட்சியம் எப்படிச் சாத்தியம்? பறவையோ தும்பியோ பல்லியோ இவற்றைத் துரத்தியதை பேட்ஸ் ஒரு தடவைகூடக் காணவில்லை. நசித்தால் விரும்பத்தகாத மணம் வந்தது. காயவைத்த பெட்டியில்கூட மற்றப் பூச்சிகளை அரிக்கும் சிற்றுயிர்கள் இவற்றை அவ்வளவாகத் தொடவில்லை. இவை தின்னத் தகாதவை என்று அவர் ஊகித்தார். செடிகளிலிருந்து பெறும் கசப்பான நச்சுப் பொருள்களைத் தம் உடலில் சேர்த்துவைக்கும் பூச்சிகள் இவை என்பதைப் பிற்கால இரசாயன ஆய்வுகள் காட்டின.

வியப்பு இனித்தான். வலையில் விழுந்த அந்தக் கூட்டத்தை மேசையில் வைத்துப் பிரிக்கும்போது, இடையிடையே வேறொன்று கிடந்தது. அதே சிறகு நீளம், அதே கறுப்பு, அதே செம்மஞ்சள், அதே மஞ்சள் பட்டை. ஆனால் கால்களை எண்ணினால் கணக்குப் பிழைத்தது. நச்சுக் கூட்டத்தைச் சேர்ந்தவை முன்னங்கால் இரண்டும் குறுகி, நாலு காலால் மட்டும் நடப்பவை. இந்த மற்றதற்கு ஆறு காலும் முழுதாக இருந்தன. நரம்புகளின் அமைப்பைப் பார்த்தாலும் அது வெள்ளைச் சிறகு வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பம். தன் சொந்தக்காரரெல்லாம் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் இருக்க, இது மட்டும் அயலவரின் உடையை உடுத்திக்கொண்டு அயலவரின் கூட்டத்துக்குள் பறந்துகொண்டிருந்தது. ஆயிரம் நச்சுப்பூச்சிகளுக்கு ஒன்றுக்கு மேல் இவை இல்லை என்று அவர் கணக்கிட்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். ஆற்றின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது நச்சுப்பூச்சியின் கோலம் மாறியது. அதற்கேற்ப வேடதாரியின் கோலமும் மாறியது. தற்செயலாக ஒருமுறை ஒத்துப்போகலாம். இடத்துக்கு இடம் ஒத்துப்போக முடியாது. எங்கே எப்போது பிடித்தது என்ற அந்தச் சின்னத் துண்டுக் குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த உண்மை வெளிவந்தே இராது.

யார் சொல்லிக்கொடுத்தது?

1859 ஜூன் மாதம் பேட்ஸ் பாராவை விட்டுப் புறப்பட்டார். அந்த ஆண்டின் முடிவில் டார்வினின் கூர்ப்பு நூல் வெளிவந்தது. பேட்ஸின் பெட்டிகளில் இருந்த புதிருக்கான திறவுகோல் அதில் இருந்தது. 1861 நவம்பர் 21 இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அவர் தன் கட்டுரையை வாசித்தார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது.

அவருடைய விளக்கம் இதுதான். தின்னத் தகுந்த ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. குஞ்சுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒன்றில் ஒரு மஞ்சள் தீற்றல் சற்று அதிகம், இன்னொன்றில் சற்றுக் கறுப்பு. நச்சுப்பூச்சியைத் தின்று வாய் கசந்த பறவை, அந்தத் தீற்றலைக் கண்டதும் ஒரு கணம் தயங்குகிறது. அந்த ஒரு கணத்தில் பூச்சி தப்பிவிடுகிறது. தப்பியது முட்டையிடுகிறது. அதன் பிள்ளைகளிலும் தீற்றல் சற்றுக் கூடியவை தப்புகின்றன. எண்ணற்ற தலைமுறைகள் இப்படிக் கழிய, ஒருநாள் தேர்ந்த பூச்சியியலாளரே கால்களை எண்ணிப் பார்க்காமல் அடையாளம் காண முடியாத நிலை வருகிறது.

ஆகவே புழுவுக்கும் பூச்சிக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் சிறகில் என்ன நிறம் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அந்தச் சிறகை வரைந்தது பறவையின் அலகு. வரைந்த விதம், பிழையாக இருந்தவற்றைத் தின்றது.

இந்த வேடத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வேடதாரிகள் அரிதாக இருக்க வேண்டும். கூடிவிட்டால், பறவைக்குக் கசப்பை விடச் சுவையே அதிகம் கிடைக்கும். அந்த நிறத்தைக் கண்டால் தின்னலாம் என்று அது படித்துக்கொள்ளும். அப்போது நச்சுள்ளதும் ஆபத்துக்குள்ளாகும். 1958 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேன் ப்ரோவர் கூண்டுப் பறவைகளை வைத்து இதைப் பரிசோதித்தார். கசந்ததைத் தின்று பழகிய பறவைகள், அதைப்போன்ற வேடதாரியையும் தொட மறுத்தன. பேட்ஸ் ஊகித்தது சரிதான் என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கூண்டுக்குள் தெரிந்தது. இந்த வகை வேடத்தை உலகம் இன்று அவரது பெயராலேயே அழைக்கிறது.

இதைப் பார்க்க அமேசனுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வேலியோர எருக்கலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியிட்ட புழு ஒன்று இலை தின்னும். எருக்கலைப் பால் நஞ்சென்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நஞ்சு அதற்கு ஆயுதம். வளர்ந்ததும் அது செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகி அவசரமில்லாமல் பறக்கும். அதே செம்மஞ்சளில் இன்னோர் இனத்தின் பெண்ணும் பறக்கும். அதனிடம் அந்த நஞ்சு இல்லை. அதன் ஆண் கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வைத்து வேறு மாதிரியே இருக்கும். கறிவேப்பிலைப் புழுவிலிருந்து வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தான். அதன் பெண்களில் ஒரு பகுதி, ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்ந்த நச்சு வண்ணத்துப்பூச்சியின் சிவப்புப் பொட்டுகளை அணிந்து வருகின்றன. இந்த இனத்தின் பெண்களைப் பற்றி வொலஸும் பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதினார். ஒரேயொரு மரபணுவே இந்த உடைமாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்பது 2014 இல் கண்டறியப்பட்டது.

தப்பியவர்கள்

பேட்ஸின் விளக்கத்தை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 2009 க்குப் பிறகு அதைச் சொல்வது எனக்குச் சிரமமாகிவிட்டது. தக்கது தப்பும் என்ற வசனத்தைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தகப்பனை இழந்த ஒரு பிள்ளை, அப்படியென்றால் என் அப்பா தகுதியில்லாதவரா என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பறவைக்குக் கண் இருக்கிறது. அது பார்த்துத் தெரிவு செய்கிறது. அதனால்தான் நிறத்துக்கு அர்த்தம் வருகிறது. எறிகணைக்குக் கண் இல்லை. அது யாரையும் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. ஒரே பங்கருக்குள் இடது பக்கம் இருந்தவர் போனார், வலது பக்கம் இருந்தவர் இருக்கிறார். அதில் கெட்டித்தனமும் இல்லை, தகுதியும் இல்லை. பாராவில் ஒரே காய்ச்சல் ஹெர்பட்டைக் கொண்டுபோனது, அவனைப் பராமரித்த பேட்ஸை விட்டுவைத்தது. பேட்ஸ் அதைத் தன் திறமை என்று எங்கும் எழுதவில்லை. நாங்களும் உயிரோடிருப்பதற்குக் காரணம் தேடிக் களைக்க வேண்டியதில்லை. இறந்தவர்களிடம் குறை தேடவும் வேண்டியதில்லை.

மூன்று கப்பல்கள்

இங்கிலாந்துக்குத் திரும்பிய பேட்ஸ் உடல் நலிந்தவராகத்தான் திரும்பினார். 11 ஆண்டு உழைப்பின் நிகர மிச்சம் சுமார் 800 பவுண். அவர் சேர்த்து அனுப்பியவை 14,712 இனங்கள். அவற்றில் ஏறத்தாழ 8,000 அறிவியலுக்குப் புதியவை. இவ்வளவு செய்தவருக்கு அருங்காட்சியகமொன்றில் கேட்ட வேலை கிடைக்கவில்லை. அது செல்வாக்குள்ளவர்களின் ஆதரவுபெற்ற ஓர் இளம் கவிஞருக்குப் போனது. டார்வின் மட்டும் அவரைக் கைவிடவில்லை. கட்டுரையைப் பாராட்டி மதிப்புரை எழுதினார், பயண நூலை எழுதும்படி ஊக்கினார், பதிப்பாளரையும் அறிமுகப்படுத்தினார். 1863 இல் வெளிவந்த அந்த அமேசன் நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதே ஆண்டில் சாரா ஆன் மேசன் என்ற லெஸ்டர்ப் பெண்ணை அவர் மணந்தார். 1864 இல் அரச புவியியல் சங்கத்தின் உதவிச் செயலாளராகி, சாகும்வரை ஏறத்தாழ 28 ஆண்டுகள் மற்றவர்களின் பயணங்களுக்கு வரைபடமும் ஆலோசனையும் கொடுத்துக்கொண்டிருந்தார். தனக்கென்று கிடைத்த நேரத்தில் பழையபடி வண்டுகளோடு இருந்தார். 1881 இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1892 பெப்ரவரி 16 இல், 67 வயதில், மார்புச்சளி நோயால் லண்டனில் காலமானார்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மறக்க முடியாத ஒரு காரியம் உண்டு. அமேசனை விட்டுப் புறப்படும்போது, கடைசிச் சேகரிப்புகளை அவர் ஒரே கப்பலில் ஏற்றவில்லை. மூன்றாகப் பிரித்து மூன்று கப்பல்களில் அனுப்பினார். நண்பரின் கப்பல் எரிந்ததை அவர் மறக்கவில்லை. அவர் பிடித்த பூச்சிகள் பல இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எங்கள் பாடசாலையிலும் ஒரு பெட்டி இருந்தது. பிஸ்கட் பெட்டியின் அடியில் றெஜிபோம் ஒட்டி, மாணவர்கள் சேர்த்த பூச்சிகள். முதலில் சொன்ன அந்த மாணவன்தான் அதற்குப் பொறுப்பு. எருக்கலையில் பிடித்த இரண்டு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் பின்சிறகில் மூன்று, நாலு கறுப்புப் பொட்டும் மற்றதில் ஒரே பொட்டும் இருப்பதை எனக்கே முதலில் காட்டியவன் அவன். கீழே சின்னக் கடதாசியில் இடம், திகதி, செடி, தன் பெயர் எல்லாம் எழுதியிருந்தான். 2008 இல் பாடசாலை இடம்பெயர்ந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாம் தடவையும் தூக்கினோம். மூன்றாம் தடவை பிள்ளைகளைத் தூக்க வேண்டியிருந்தது. பெட்டி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது.

அவன் வரவில்லை. அவனுடைய தாய் இன்னமும் வீதியோரக் கொட்டகையில் அவனது படத்தோடு இருக்கிறார். எங்கே, எப்போது, யாரிடம் கையளித்தேன் என்பதை அவர் யார் கேட்டாலும் சொல்வார். ஆனால் அது அவர் நினைவில் மட்டுமே நெடுங்காலம் இருந்தது. ஒரேயொரு கப்பலில். போன வருடம் நானும் இன்னொருவரும் அவரோடு இருந்து, அதை இடம், திகதி, பெயரோடு எழுதி மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று அவரிடம், ஒன்று மகளிடம், ஒன்று கடல் கடந்து உறவினரிடம். இதைச் செய்யாத குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தாய்மாரும் தகப்பன்மாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதை வாசிப்பவர்கள் தங்கள் வீட்டில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தால் போதும்.

பேத்தியின் பச்சைப் புழுவை நாங்கள் பிடிக்கவில்லை. அது கறிவேப்பிலையிலேயே கூட்டுப்புழுவாகி, பன்னிரண்டாம் நாள் காலை சிறகு விரித்தது. பெண். பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள். வேலியோரக் கொண்டைக்குருவி ஒன்று தலையைச் சரித்து அதைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் பறந்துபோனது. பேத்தி கொப்பியை எடுத்துத் திகதியை எழுதினாள்.